பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே

பயிற்சி முகாம், ரூர்க்கி
7.10.2025

அன்புள்ள அண்ணிக்கு,

அபிநயா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முதுகுவலி தேவலையா? அண்ணனுக்கு டவுன் பஸ்ஸில் டூட்டி மாற்றிக் கொடுத்தார்களா, இன்னும் பெங்களூர் வண்டிதானா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் தருவார்களாம். அப்போதும் ஒரு மேடம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் ஒருவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது. வேண்டியதை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். ஜனவரி பத்தாம் தேதி தேர்வுப் போட்டி. எட்டுப் பேரைத்தான் அணிக்கு எடுப்பார்கள்.

துப்பாக்கி பத்திரமாக வந்தது. பேரலை மாற்றியது ஏன் என்று அன்றைக்குக் கேட்டீர்கள், அவசரத்தில் சொல்லவில்லை. பழைய பேரல் நுனிக்குப் போகப்போக ஒல்லியாகும். தூக்கச் சுலபம். ஆனால் குண்டு கிளம்பும்போது ஜாஸ்தி அதிரும். முப்பது தோட்டா போனால் சூடேறி, குண்டு ஓரிடத்தில் விழாமல் அலையும். எங்கள் ரைபிள் கிளப் மெக்கானிக் மக்பூல் பாய் மாட்டிக் கொடுத்தது அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமன், கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடுதல். முன்பக்கம் கனம் இருந்தால் குறி ஆடாது, சீக்கிரம் சூடும் ஏறாது. பேரலைத் தாங்கும் மரக்கட்டையின் அடியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவின் மேலும் பாய் சிவப்பு பெயின்ட் வைத்து சீல் போட்டிருக்கிறார். "போட்டி முடியற வரைக்கும் யாரும் இத கழட்டக் கூடாதும்மா. கழட்டி மாட்டுனா குண்டு விழற எடம் மாறிடும்" என்றார்.

சாப்பாடு முழுக்க சப்பாத்தி. உங்கள் ரசத்தை நினைத்துக்கொண்டு விழுங்குகிறேன்.

உங்கள் அபி

*

வேங்கிக்கால்
16.10.2025

அன்பு அபிக்கு,

உன் கடிதம் கண்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே எல்லாரும் சுகம். என் முதுகு நான் உட்கார்ந்தால் நிற்கச் சொல்கிறது, நின்றால் உட்காரச் சொல்கிறது. உன் அண்ணன் பெங்களூர் வண்டியிலேயேதான் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார்.

தபால்காரர் கடைக்குள் வந்து கடிதத்தை நீட்டியபோது ஜெராக்ஸ் எடுக்க நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "இன்னாக்கா, கோர்ட் நோட்டீஸா?" என்று ஒருத்தன் கேட்கிறான். கலெக்டர் ஆபீஸ் எதிரில் கடை வைத்தால் கடிதம் என்றாலே நோட்டீஸ்தான்.

ஆயுத பூஜைக்கு மறுநாளே நீ ஓடிவிட்டாய், சுண்டல்கூட வாயில் போடவில்லை. ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன் மிஷின், ஸ்கூட்டி, அருவாமனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கயிறு கட்டியாயிற்று. உன் அண்ணன் விசிலுக்குக்கூட வைத்தேன், மறுநாள் ஊதினால் வாயெல்லாம் சந்தனம்.

துப்பாக்கி நன்றாகச் சுடுகிறதா? குண்டெல்லாம் நடுவில் விழுகிறதா? எனக்கு அந்தக் குழாயைப் பற்றி ஒன்றும் புரியாது, ஆனாலும் எழுது. நல்லபடியாகத்தான் சுடும். சுடாமல் எங்கே போகும்!

தீபாவளிக்குப் புடவை எடுக்கவில்லை. நீ வந்ததும் சேர்ந்து எடுக்கலாம். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அண்ணி கஸ்தூரி

*

ரூர்க்கி
6.11.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குச் சளி, பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் முதுகுக்கு டாக்டரிடம் போனீர்களா, இல்லை தைலத்தோடு சரியா?

துப்பாக்கியில் ஏதோ கோளாறு. யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் மட்டும் எழுதுகிறேன்.

இங்கே காலையில் பனிமூட்டம். எதிரே ஐம்பது மீட்டரில் இருக்கும் குறி அட்டையே மங்கலாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் சுட்டால் குண்டு மேலே மேலே விழுகிறது. பத்தில் விழ வேண்டியது ஒன்பதில், சிலது எட்டில். மதியம் வெயில் வந்த பிறகு தானாகச் சரியாகிறது. மறுநாள் காலை மறுபடி மேலே. கோச் சார், "இந்தப் பேரல் கனம் உனக்கு அதிகம், இடது கை சோர்ந்து போகிறது" என்கிறார். கை சோர்ந்தால் நுனி தாழும், குண்டு கீழே போகும். மேலே எப்படிப் போகும்? இடது கையில் தாங்காமல், மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டும் பார்த்தேன். கை இல்லை, துப்பாக்கிதான்.

யாரோ கை வைத்திருக்கிறார்கள். என் அறையில் மூன்று பேர், மூன்று பேருக்கும் அந்த எட்டு இடத்தில் ஒன்று வேண்டும். இப்போதெல்லாம் குளிக்கப் போனாலும் பெட்டிச் சாவி கழுத்தில்தான். ஆனால் சீல் உடையவில்லை. அதுதான் குழப்பமாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுதுங்கள். பூஜை லீவு என்று கிளப்பைப் பூட்டியதால் துப்பாக்கி ஒரு நாள் நம் வீட்டில் இருந்தது. அன்றைக்கு யாராவது வந்தார்களா? யாராவது தொட்டார்களா?

அபி

*

வேங்கிக்கால்
15.11.2025

அன்பு அபிக்கு,

உன் சளி எப்படி இருக்கிறது? மிளகு போட்டுப் பால் கிடைக்குமா அங்கே? இல்லாவிட்டால் வெந்நீராவது குடி. நாங்கள் நலம்தான்.

இங்கே தீபத்துக்கு வேலை ஆரம்பித்துவிட்டது. கலெக்டர் ஆபீஸில் நாளுக்கு நாலு மீட்டிங், நாலு மீட்டிங்குக்கும் நானூறு காப்பி. மிஷின் சூடேறிப் பேப்பரைச் சுருட்டுகிறது. உன் பேரல் மாதிரி இதற்கும் தடிமனாக ஏதாவது மாட்டலாமா என்று மக்பூல் பாயிடம் கேட்க வேண்டும். அடி அண்ணாமலையில் சித்தி வீட்டுக்கு இப்போதே சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்களாம்.

யார் தொட்டது என்று கேட்டிருக்கிறாய். உன் அண்ணனுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும், உனக்கே தெரியும். வீட்டுக்கு வெளி ஆள் யாரும் வரவில்லை.

கோச் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஒரு கிலோ என்றால் சும்மாவா? நன்றாகச் சாப்பிடு.

சொல்ல மறந்தேனே, மக்பூல் பாய் மகள் அப்ரோஸ் ஆதார் காப்பி எடுக்க வந்திருந்தாள். "கேம்ப்புக்குத்தான் கிளப்புலேருந்து ஒருத்தர்னு சொல்லிட்டாங்க, போட்டிக்கு யார் வேணா பேர் குடுக்கலாம்க்கா. நானும் ஜனவரிக்கு வரேன்" என்றாள். அவள் துப்பாக்கியையும் அவள் அப்பாதான் தயார் செய்கிறாராம்.

அண்ணி

*

ரூர்க்கி
23.11.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் அப்ரோஸைப் பற்றி எழுதியது நல்லதாயிற்று. இரண்டு நாள் தூங்கவில்லை, இப்போது எல்லாம் தெளிந்துவிட்டது.

பேரல், மரக்கட்டை மேல் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். உண்மையில் உட்காராது. பின்பக்கம் மட்டும்தான் ஸ்க்ரூ பிடித்திருக்கும். முன்னால் முழுக்கப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய சந்து விட்டிருப்பார்கள். சுடும்போது பேரல் அதிரும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிர்ந்தால்தான் குண்டு ஒரே இடத்தில் விழும். அதன் மேல் எது பட்டாலும், ஒரு நூல் பட்டாலும், போச்சு. எவ்வளவு தடிமனான பேரல் போட்டாலும் பிரயோசனமில்லை. சந்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு துண்டுப் பேப்பரை நுனிப்பக்கம் செருகிப் பின்னால் வரை இழுப்பார்கள். தடையில்லாமல் போக வேண்டும்.

நேற்று செருகிப் பார்த்தேன். கடைசி நாலு விரல் இருக்கும்போது நின்றுவிட்டது. டார்ச் அடித்தால் உள்ளே வெளுப்பாக ஏதோ இறுகிப்போய் இருக்கிறது. பேரல் கட்டையில் அசையாமல் உட்கார வைக்கும் பசைதான், வேறென்ன? சீல் உடையவில்லை. அப்படியென்றால் சீல் வைப்பதற்கு முன்பே உள்ளே போனது. சீல் வைத்தது யார்? முகாமுக்கு நான் வந்தேன், அவர் மகள் வரவில்லை. ஏழு வருடமாக அவரைப் பாய் பாய் என்று சுற்றிவந்தேனே!

இங்கே துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் கழற்றிப் பார்க்கிறேன் என்றார். விடவில்லை. சீல் உடைந்தால் ஆதாரம் போய்விடும்.

இதோடு கிளப் செக்ரட்டரி கோதண்டராமன் சாருக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கடையில் டைப் செய்து, நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள் அண்ணி. உங்களைத் தவிர நான் யாரை நம்புவது?

அபி

*

ரூர்க்கி
7.12.2025

அண்ணிக்கு,

உடம்பு சுகம்தானே? நான் எழுதி இரண்டு வாரமாகிறது, ஒரு வரி இல்லை. இன்றைக்குப் போனில் "இதோ உங்கண்ணன் பேசணுமாம்" என்று கொடுத்துவிட்டீர்கள். அண்ணன் தீபத்துக் கூட்டத்தைப் பற்றியே ஒன்பது நிமிடம் பேசினார்.

புகாரைக் கொடுத்தீர்களா, இல்லையா? பாய் வீட்டிலிருந்து யாராவது வந்து உங்களிடம் பேசினார்களா? நீங்கள் பேசாமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது. எழுதுங்கள்.

அபிநயா

*

வேங்கிக்கால்
13.12.2025

அபிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும், அதை முதலில் எழுதிவிடுகிறேன். இதற்குமேல் எழுதுவதைப் படித்துவிட்டு நீ எனக்கு அப்படி எழுதுவாயோ என்னவோ.

உன் புகாரை டைப் செய்தேன். பிரின்ட் போட்டு டிராயரில் வைத்தேன். தீபம் முடியட்டும் என்றேன், பௌர்ணமி முடியட்டும் என்றேன். எட்டாம் தேதி உன் அண்ணன் பேனா தேடி டிராயரைத் திறந்தார். படித்ததும் யூனிபார்மோடு கிளம்பிப் போய், கோதண்டராமன் சாரிடம் கொடுத்துவிட்டு, அப்படியே பாயின் லேத் பட்டறைக்குப் போய்த் தெருவே கூடும்படி கத்திவிட்டு வந்தார். அவர் கத்தியதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அன்று மாலையே கிளப்பில் பாயிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். விசாரணை முடிகிறவரை அப்ரோஸும் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று பாய் என் கடைக்கு வந்தார். விசாரணைக்குக் கொடுக்க அவருடைய சர்டிபிகேட்டெல்லாம் காப்பி வேண்டுமாம். ஊரில் இருபது ஜெராக்ஸ் கடை இருக்கிறது, இங்கேதான் வந்தார். சத்தமே போடவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு மிஷினில் பேப்பரை வைத்தேன்.

"பேப்பரு பாதியில நிக்குதுன்னு எழுதியிருக்காம்மா. நான் குடுக்கும்போது கடைசி வரைக்கும் போச்சு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ போட்டுப் பாத்தேன். அப்புறம் எப்படி அடைக்கும்?" என்றார்.

நான் அடுத்த சர்டிபிகேட்டை மிஷினில் வைத்தேன். அவர் மிஷினைப் பார்த்தார். பூஜைக்குக் கட்டிய கயிறு, காய்ந்த சந்தனத்தோடு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் வெச்சீங்களாம்மா?"

"ஆமா பாய்."

அவ்வளவுதான். காப்பியை வாங்கிக்கொண்டு "சரிம்மா, வரேன்" என்று போய்விட்டார். இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

நான்தான் அபி. நீ அன்று சாயங்காலம் பாய் வீட்டுக்குப் பொரிகடலை கொடுக்கப் போயிருந்தாய். எல்லா ஆயுதத்துக்கும் வைத்தாயிற்று, உன்னுடையது மட்டும் பெட்டிக்குள் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "துப்பாக்கிய மட்டும் யாரும் தொடக் கூடாது, நீங்களும்தான்" என்று ஒருநாள் சொன்னாயே, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போனதிலிருந்து தலை வாரிவிட்டவள் நான், ஒரு பொட்டு வைக்கக் கூடாதா என்று தோன்றியது. வெளியே வைத்தால் உனக்குத் தெரிந்துவிடும். அடியில் அந்தச் சந்து இருந்தது. சாமி கயிறு வைக்கவே விட்ட இடம் போல இருந்தது. அண்ணாமலையார் சந்நிதியில் வைத்து வாங்கிய கயிறை மடித்து, ஈர்க்குச்சியால் உள்ளே தள்ளி, விழாமல் இருக்கச் சந்தனத்தைக் குழைத்து அடைத்தேன்.

நீ யார் தொட்டது என்று கேட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. சந்து எதற்கு என்று நீ எழுதியதைப் படித்ததும் உறுதியாகிவிட்டது. அதன் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்னால் அப்ரோஸ் பேச்சை எடுத்ததும் நான்தான். ஏன் எடுத்தேன் என்று எனக்குத் தெரியும், உனக்கும் இப்போது தெரிந்திருக்கும்.

கழற்றிப் பார். பிறகு புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுது.

கஸ்தூரி

*

ரூர்க்கி
20.12.2025

அண்ணிக்கு,

நலம். ஆர்மரர் முன்னாலேயே கழற்றினேன். மஞ்சள் கயிறு, சந்தனத்தோடு மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பனியில் நூல் ஈரம் குடித்து உப்பிப் பேரலைக் கீழிருந்து தள்ளியிருக்கிறது, வெயிலில் காய்ந்ததும் சுருங்கி விலகியிருக்கிறது. கத்தியால் சுரண்டி எடுத்தோம். ஆர்மரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்தான்.

எட்டு வாரம் அண்ணி. எட்டு வாரம் நான் என் கையைச் சந்தேகப்பட்டேன், அறையில் இருப்பவர்களைச் சந்தேகப்பட்டேன், பாயைச் சந்தேகப்பட்டேன். உங்களை மட்டும் சந்தேகப்படவில்லை.

இப்போது காலையிலும் பத்திலேயே விழுகிறது. தடிப் பேரலின் அருமை இப்போதுதான் தெரிகிறது, அறுபது தோட்டாவுக்கும் அசையவில்லை.

ஆனால் இதை யாரிடமும் சொல்லாதீர்கள். பத்தாம் தேதி முடியட்டும், நானே வந்து சொல்கிறேன். பொய்ப் புகார் கொடுத்தவள் என்று இப்போது என் பெயரை எடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. பாய்க்கு இருபது நாளில் ஒன்றும் ஆகிவிடாது. எனக்காக இதைச் செய்யுங்கள். நீங்கள் எனக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்.

அபி

*

வேங்கிக்கால்
29.12.2025

அன்பு அபிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நீ சொன்னபடி இருக்கத்தான் நினைத்தேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நேற்றுப் போனில் அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பாய் பெயர் இருக்கிறது. அப்ரோஸ் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அது என்னமோ எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்று காலை கடையைத் திறக்காமல் கோதண்டராமன் சார் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் டைப் செய்து, என் பெயர் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொண்டுபோனேன். உன்மேல் தப்பில்லை, உனக்குத் தெரியாமல் நான் செய்தது என்று எழுதியிருக்கிறேன். அவர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இன்னாம்மா இது! நாளான்னிக்கு முப்பத்தொண்ணு. ஜனவரி போட்டிக்குப் பேர் அனுப்பறது அன்னியோட மூடறாங்க. அந்தப் பொண்ணு பேர விட்டுட்டுதான் லிஸ்ட் போட்டு வெச்சிருந்தேன்" என்றார். என் எதிரிலேயே பேரைச் சேர்த்தார்.

அங்கிருந்து பட்டறைக்குப் போனேன். உன் அண்ணனும் வந்தார், வாசலிலேயே நின்றார். நான் சொல்லி முடிக்கும்வரை பாய் லேத்தை நிறுத்தவில்லை. பிறகு நிறுத்திவிட்டு, "அன்னிக்கே தெரியும்மா. நீங்களா சொல்லணும்னுதான் இருந்தேன். பதினேழு நாளாச்சு" என்றார். நாளை எண்ணியிருக்கிறார். கிளப் சாவியைத் திரும்பத் தருகிறார்களாம், வேண்டாம் என்றுவிட்டார். உள்ளே அப்ரோஸ் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நீ கேட்டதை நான் செய்யவில்லை. கோபித்துக்கொள், பேசாமல் இரு, பொறுத்துக்கொள்கிறேன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இருபது நாள் பொறுக்கச் சொன்னபோது, முப்பத்தொன்றாம் தேதி லிஸ்ட் மூடுகிறது என்று உனக்குத் தெரியுமா? நானும்தான் உன்னிடம் மறைத்தேன், கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அதற்கு மட்டும் பதில் எழுது.

அண்ணி

*

ரூர்க்கி
12.1.2026

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு ஞாயிறு போனை எடுக்க நான் போகவில்லை, அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

போட்டி முடிந்தது. எனக்கு எட்டாவது இடம், அணியில் எடுத்துவிட்டார்கள். அப்ரோஸ் பதினொன்றாவது. எனக்கும் அவளுக்கும் நாலு புள்ளி வித்தியாசம். மூன்று வாரம் அவளை ரேஞ்சுக்குள்ளேயே விடவில்லை. அந்த மூன்று வாரப் பயிற்சி இருந்திருந்தால் நாலு புள்ளி ஒரு விஷயமே இல்லை, இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எனக்குப் பக்கத்து விரிப்பில்தான் படுத்துச் சுட்டாள். முடிந்ததும் நான் எழுந்து அவளிடம் போனேன். அவள் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, "ட்ரெய்னுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உங்கள் கேள்விக்குப் பதில். தெரியும் அண்ணி. தேதி தெரிந்துதான் அப்படி எழுதினேன்.

இருபதாம் தேதி காலையில் காட்பாடியில் இறங்கிப் பஸ் பிடித்து வருகிறேன். அண்ணனை அனுப்பாதீர்கள். முதலில் பாய் பட்டறைக்குப் போகிறேன், தனியாக. உள்ளே வரச் சொன்னால் வீட்டுக்கு வர மத்தியானம் ஆகும். சொல்லாவிட்டால் சீக்கிரமே வந்துவிடுவேன்.

அபி